சோபாவுக்கு அடியில் கிடந்த கபடி மேட்

மைதான நிர்வாகத்தாருக்கும், சென்ற ஞாயிறு விழா நடத்திய குழுவினருக்கும்,

வணக்கம்.

விழா நல்லபடியாக நடந்து முடிந்ததற்கு முதலில் வாழ்த்துகள். தொழில், விளையாட்டு, சினிமா என்று மூன்று துறையிலும் மேலே வந்தவர்களை ஒரே மேடையில் உட்கார வைத்து விடாமுயற்சியைப் பற்றிப் பேச வைத்தீர்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் இப்படி ஒரு கூட்டம் அடிக்கடி கூடுவதில்லை. நானும் வந்திருந்தேன். கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. மைக் நன்றாகக் கேட்டது. அல்வாவும் மிக்சரும் கடைசி ஆள் வரைக்கும் வந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று என்னவென்று உங்களுக்கே தெரியும். காலையில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் நான்கு வருஷமாக நான் கொடுத்த மனுக்கள் உங்கள் ஃபைலில்தான் இருக்கின்றன. ஸ்டோர் ரூமைத் திறந்து கபடி மேட்டை, அதாவது ஆட்டக்களத்தில் விரிக்கிற மெத்தை விரிப்பை, எங்கள் பிள்ளைகள் பழக விரித்துக் கொடுங்கள் என்பதுதான் எல்லா மனுவிலும் இருப்பது. தேதி மட்டும் மாறியிருக்கும். நீங்கள் சொன்ன பதில்களும் எனக்கு மனப்பாடம். வெயில் பட்டால் விறைத்துப் போகும். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒரு துண்டு கிழிந்தாலும் ஆடிட்டில் யார் பதில் சொல்வது? மேலிருந்து உத்தரவு வரட்டும். எல்லாம் நியாயமான பதில்கள்தான். மீட்டருக்கு மீட்டர் சதுரத் துண்டுகள், மொத்தம் 168. பொதுப் பணத்தில் வாங்கியது, பத்திரமாக இருக்கட்டும் என்று நானும் பேசாமல்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டைப் பார்த்தேன். மேடைக்கு முன்னால் விருந்தினர் சோபாக்களுக்கு அடியில் விரித்திருந்தீர்கள். தரை மண்ணாக இருக்கிறது, வருகிறவர்களின் ஷூ அழுக்காகும் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் பார்த்தது நான் இல்லை. பன்னீர் தெளிக்கவும் சந்தனம் நீட்டவும் ஆறு பிள்ளைகளை ஜெர்ஸியோடு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அதில் ஒருத்தி என்னிடம் ஓடிவந்தாள். "சார், இது நம்ம மேட்டுல்லா?" என்று கேட்டாள். நம்ம மேட் என்றுதான் சொன்னாள். நான்கு வருஷத்தில் ஜன்னல் கம்பி வழியாக மட்டுமே அவள் பார்த்திருக்கிற பொருள் அது. திரும்பிப் போனவள் ஓரத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே கால் வைத்தாள். களத்தில் இறங்கும்போது அவர்கள் செய்வது அது. கூட இருந்த ஐந்து பேரும் அப்படியே செய்தார்கள். ஷூ காலோடு சோபாவில் சாய்ந்திருந்த பெரியவர்கள் அந்தக் கும்பிடு தங்களுக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்குக் கைகூப்பினார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். விழா முடிந்து ஆட்கள் போனபிறகு நான் போய்ப் பார்த்தேன். மேடையின் படிக்கட்டு மூலைக்கு மேட் பொருந்தவில்லை. அதற்காகப் பதினொரு துண்டுகளைக் கத்தி வைத்து அறுத்திருக்கிறார்கள். ஒரு துண்டின் பல் இன்னொரு துண்டின் பல்லோடு கோத்துக்கொண்டால்தான் மேட் நகராமல் நிற்கும். பல் போன துண்டை ஓரத்தில்கூடப் போட முடியாது, ஆள் விழும்போது விலகிக்கொண்டு போகும். சோபாக் கால்கள் நின்ற இடமெல்லாம் குழி. ஓர் இடத்தில் குத்துவிளக்கு எண்ணெய் ஊறிக் கிடந்தது. ஆடிட்டில் யார் பதில் சொல்வது என்று இப்போது நான் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்கவில்லை. ஸ்டோர் ரூமைத் திறக்கச் சாவி இருக்கிறது, திறப்பதற்கு ஆளும் இருக்கிறார், ஒரு நாள் விரித்தால் மேட் செத்துப்போகாது என்ற மூன்று விஷயங்கள் தெரிந்ததில் எனக்குச் சந்தோஷமும் உண்டு.

மண்ணில் ஆடினால் என்ன, கபடியே மண் ஆட்டம்தானே என்று உங்களில் ஒருவர் முன்பு என்னிடம் கேட்டார். அதற்கு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றினாளே, அவள்தான்.

அம்மா பீடி சுற்றுகிறவர். பிள்ளை காலையில் முதல் டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவாள். 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால்தான் என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் வரவே முடிகிறது. அந்த நன்றியையும் இந்த மடலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தரைக்குப் பயிற்சி, எட்டு மணிக்குப் பள்ளிக்கூடம், சாயங்காலம் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் கபடி அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வுக்கு முன்னால் அம்மா முன்பணம் வாங்கி 1,100 ரூபாய்க்கு ஷூ எடுத்துக் கொடுத்தார். தேர்வு மேட்டில் நடக்கும், ஷூ இல்லாமல் இறக்கமாட்டார்கள். அந்த ஷூவை மண்ணில் போட்டு ஓடினால் அடிப்பாகம் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். அதனால் கவரைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள். தேர்வு நாளன்று காலையில்தான் முதன்முதலாகப் போட்டாள்.

முதல் ரெய்டு, அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவது. எதிரே ஏழு பேர் நிற்கிறார்கள், யாரையும் தொடாமலே போனஸ் புள்ளி எடுக்கலாம். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு பெண்களுக்கு 4 மீட்டர். ஒரு கால் அந்தக் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும், அந்த நேரம் மற்றக் கால் அந்தரத்தில் இருக்க வேண்டும். ஊன்றிய காலிலேயே திரும்பி ஓடிவர வேண்டும். எங்கள் மண்ணில் அப்படி ஊன்றினால் கால் ஒரு சாண் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும். அந்த வழுக்கலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அவள் உடம்பைத் திருப்பப் பழகியிருக்கிறாள். மேட்டில் ஷூ போட்ட கால் வைத்த இடத்தில் நின்றுவிட்டது. உடம்பு மட்டும் திரும்பியது. முட்டியில் கேட்ட சத்தம் வெளியே நின்ற எனக்கே கேட்டது. முப்பது விநாடி ரெய்டில் பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

அன்றைக்குத் தேர்வு செய்ய வந்தவர் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "விடாமுயற்சி வேணும்மா, அடுத்த வருஷம் வா." அம்மா என்னிடம் கேட்டது வேறு. "ஷூ தப்பா, கால் தப்பா சார்?" இரண்டும் இல்லை என்றேன். பிறகு எது தப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்கள் ஸ்டோர் ரூமின் பூட்டைக் காட்டியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசிய மூன்று பேரும் ஒரே குறளைச் சொன்னார்கள். எந்தக் குறள் என்று நான் எழுத வேண்டியதில்லை. தொழிலைப் பற்றிப் பேசியவர் வ.உ.சி.யை எடுத்தார். நம்ம ஊர்ப் பக்கம் வந்தால் எடுக்கத்தானே வேண்டும். தோல்வியைக் கண்டு துவளாத தொழில்முனைவர் என்றார், கை தட்டினோம். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். வ.உ.சி.யிடம் விடாமுயற்சி குறைந்தா கப்பல் போனது? 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் கொண்டுவந்தார். எதிரே இருந்த வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, அப்புறம் சும்மாவே ஏற்றிக்கொண்டு கையில் குடையும் கொடுத்தது. 1908-ல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள், செக்கிழுக்க வைத்தார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. 1912 கடைசியில் அவர் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை. இதில் அவர் எங்கே முயற்சியை விட்டார்? சாவி வேறு ஒருவர் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

டி.வி.எஸ். கம்பெனியை ஆரம்பித்த, திருக்குறுங்குடியில் பிறந்த சுந்தரம் ஐயங்கார் மதுரைக்குப் போய்த்தான் பஸ் விட்டார். இன்றைக்குத் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் இருந்துகொண்டே உலகத்துக்குச் சாஃப்ட்வேர் எழுதுகிறார்கள் என்று அதே பேச்சாளர் பெருமைப்பட்டார். எனக்கும் பெருமைதான். ஆனால் அங்கே முதலில் கட்டடமும் கம்ப்யூட்டரும் வந்தன. கம்ப்யூட்டரை ரூமில் பூட்டி வைத்துவிட்டு, நீங்கள் சிலேட்டில் எழுதிப் பழகுங்கள், பரீட்சை மட்டும் கம்ப்யூட்டரில் என்று யாரும் சொல்லவில்லை.

சினிமாக்காரர் பேச்சுதான் எனக்குப் பிடித்தது. ஒரே ஷாட்டை நாற்பது டேக் எடுத்த கதையைச் சொன்னார், சிரிக்கச் சிரிக்க. நாற்பது டேக் எடுக்க அவர் கையில் கேமரா இருந்தது. நம் பக்கத்து மணத்தி கணேசன் 1994-ல் ஹிரோஷிமாவில் ஆசியத் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், 1995-ல் அர்ஜுனா விருது பெற்றவர். அவர் வாழ்க்கையைத் தழுவி எடுத்த படம் 2025 தீபாவளிக்கு வந்தது. அதில் நடித்தவர் படத்துக்காக மாதக்கணக்கில் கபடி பழகினார் என்று பேட்டிகளில் சொன்னார்கள். கபடி ஆடுகிறவனாக நடிப்பதற்கே அவ்வளவு பயிற்சி வேண்டியிருக்கிறது. நிஜமாக ஆடப்போகிறவளுக்கு மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதுமா?

அதே அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகா இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடித் தங்கம் கொண்டுவந்தார். மறுநாள் காலை எங்கள் பிள்ளைகள் மண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டே அந்தப் பேச்சுத்தான் பேசினார்கள். நமக்கும் வரும்ல்லா சார் என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டது. ஏழாம் வகுப்பு. வரும் என்றேன். பொய் சொன்னேனா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மைதானத்து உள்ளரங்கம் ஷட்டில் ஆடுகிறவர்களுக்குக் காலை ஐந்து மணிக்கே திறக்கிறது. மாதச் சந்தா கட்டுகிறார்கள், திறக்கத்தான் வேண்டும். அவர்கள் மேல் எனக்குப் புகாரில்லை. இரண்டு பேர் என் கடையில் மாவு அரைத்து வாங்குகிறவர்கள். ஆனால் மூன்று கோர்ட்டில் ஒன்று எப்போதும் காலியாகத்தான் கிடக்கிறது. வெயிலும் படாது, மழையும் படாது. நீங்கள் சொன்ன முதல் இரண்டு காரணமும் அங்கே நிற்காது. கடைசிக் காரணமான உத்தரவும் எழுத்தில்தான் வர வேண்டும் என்றால், சோபாவுக்கு அடியில் விரிக்க வந்த உத்தரவின் நகலைக் காட்டுங்கள். அதே மாதிரி ஒன்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுக்கிறீர்களே என்று கடையில் ஒருவர் சொன்னார். நான் சொல்லவில்லை.

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது சின்ன விஷயம். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை உள்ளரங்கத்தின் அந்தக் காலி இடத்தில் கபடி மேட்டை விரிக்க அனுமதி தாருங்கள். அறுத்த பதினொரு துண்டுக்குப் பதில் புதிய துண்டு வாங்கித் தாருங்கள். அது வரும் வரைக்கும் இருக்கிற 157 போதும். பெண்கள் களம் 12-க்கு 8, நடுவுக்கு 96 துண்டு, மிச்சத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வோம். விரிப்பதும் சுருட்டுவதும் துடைப்பதும் எங்கள் பொறுப்பு. எண்ணெய்க் கறையைக்கூட நாங்களே சோப்பு போட்டு எடுத்துவிட்டோம், திங்கட்கிழமை வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கெஞ்சி அரைமணி நேரம் உள்ளே போய். அவரைத் தயவுசெய்து திட்டாதீர்கள்.

முட்டி சரியாகி அந்தப் பிள்ளை திரும்ப வந்துவிட்டாள். ஷூவும் இருக்கிறது, அடிப்பாகம் இன்னும் புதுசுதான். அடுத்த தேர்வுக்கு இன்னும் ஒன்பது வாரம்.

வருகிற திங்கள் காலை ஐந்தரைக்கு நாங்கள் பதினெட்டுப் பேர் ஸ்டோர் ரூம் வாசலில் நிற்போம். போராட்டம் ஒன்றும் இல்லை, மேட்டைத் தூக்க ஆள் வேண்டுமல்லவா, அதற்குத்தான். சாவி அண்ணாச்சியிடம் இருக்குமா, ஆபீஸில் வந்து வாங்க வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
காலையில் பெண்பிள்ளைகளுக்கு விசில் ஊதுகிற, எட்டு மணிக்கு மேல் மாவு அரைக்கிற ஒருவன்