கத்தாழை மீனின் காதுக்கல்லும் ஹட்ஸ்பெத்தின் தவளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவிப்புலன் ஆய்விலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஜேம்ஸ் ஹட்ஸ்பெத் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ராபர்ட் ஃபெட்டிபிளேஸ், கிறிஸ்டீன் பெத்தி ஆகியோருடன் 2018-இல் அவர் பெற்ற, நரம்பியலுக்கான கவ்லி விருதை விரிவாக எழுதிய கட்டுரையாளர், ஆய்வு நடந்த விதத்தைத் ‘தவளைகளைக் கொண்டு’ என்று சொல்லி முடித்துவிட்டார். மண்டபத்தில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அது குறித்துச் சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

மனிதரின் காக்ளியா, அதாவது உட்காதின் நத்தை வடிவக் குழல், மிகக் கடினமான எலும்புக்குள் சுருண்டு கிடப்பதால், ஒலியின் அசைவை மின்செய்தியாக மாற்றும் அதிலுள்ள ரோமச் செல்களை உயிரோடு எடுத்து ஆராய்வது அரிது. அமெரிக்கப் பெருந்தவளையின் உட்காதிலுள்ள சிறுபையிலோ இச்செல்கள் பெரியவை, எளிதில் எட்டக்கூடியவை, உடலுக்கு வெளியிலும் பல மணி நேரம் உயிரோடிருப்பவை. அவற்றின் உச்சியிலுள்ள ரோமக்கற்றையை நுண்ணிய கண்ணாடி ஊசியால் அசைத்து, செல்லில் எழும் மின்மாற்றத்தை ஹட்ஸ்பெத்தும் டேவிட் கோரியும் அளந்து 1977-இல் வெளியிட்டனர். அந்த மாற்றம் மைக்ரோ நொடிகளில் தொடங்கிவிடுவதை 1979-இல் காட்டினர். இவ்வளவு விரைவில் இடையே எந்த வேதிவினையும் நடக்க இயலாது என்பதால், செல்லுக்குள் மின்னூட்டத் துகள்கள் நுழையும் வாயிலைத் திறப்பது நேரடியான இழுவிசையே என்று முடிவு கட்டினர். அந்த இழுவைக்கு உரிய நுண்ணிழையைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் கண்டு எழுதியது 1984-இல்தான். விருதைவிட, இழையைக் காணும் முன்பே இழுவையைக் கணித்த இதுவே எனக்கு வியப்பளிக்கிறது.

நம் கரையில் கத்தாழை மீனை அறுப்பவர்கள் அதன் தலையிலிருந்து எடுக்கும் வெள்ளைக் கல்லும் காதின் உறுப்பே. சுண்ணாம்புச் சத்தாலான அக்கல்லின் வளையங்களை எண்ணித்தான் மீனின் வயதைக் கணிக்கிறார்கள். கல்லுக்கு அடியில் இருப்பவையும் ரோமச் செல்களே. மீனுக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு, மீன் வளர வளர அச்செல்கள் புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பதுதான். மனிதக் கருவில் நான்காம் வாரத்தில் தலையின் இருபுறமும் வெளிப்படலத்தின் ஒரு திட்டு தடித்து, உள்ளே குழிந்து, குமிழாகப் பிரிந்து உட்காதாக உருவெடுக்கிறது. ஒரு காக்ளியாவுக்கு ஏறத்தாழ 16,000 ரோமச் செல்கள் என்ற கணக்கு பிறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அழிந்தது அழிந்ததுதான். பறவைகளில் அவை மீண்டும் முளைப்பது 1988-இல் தெரியவந்தது. பாலூட்டிகளில் மட்டும் ஏன் இயலவில்லை என்ற கேள்வியை ஹட்ஸ்பெத்தும் தம் பிற்கால ஆய்வுகளில் எடுத்துக்கொண்டார். கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இராமநாதபுரம் கடற்கரைக்கு இது ஏட்டளவிலான கேள்வியன்று. கீழக்கரையிலும் பாம்பனிலும் சங்கு குளிக்க மூழ்குபவருக்குப் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அதனால் செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் ஆறும், அல்லது அறுவை சிகிச்சையால் மூடலாம். விசைப்படகின் எஞ்சின் அருகே ஆண்டுக்கணக்கில் நிற்பவருக்கு நேர்வது வேறு: அங்கே சாவது ரோமச் செல். இழப்பு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான உயர் ஒலிகளில் தொடங்குவதால், பேச்சு கேட்கும்; சொல் விளங்காது. ‘காது அடைத்திருக்கிறது’ என்று இரண்டையும் ஒன்றாகக் கருதி, எண்ணெய் விட்டுக்கொண்டு காலம் கடத்துபவர்களை இன்றும் பார்க்கிறேன். (எண்ணெய் விடுவது இரண்டுக்கும் உதவாது, கிழிந்த செவிப்பறைக்குக் கெடுதல்.) எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது உலகில் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் வரம்பு. படகில் அதை யார் அளக்கிறார்கள்?

செவிப்புலனை மீட்கும் மரபணு சிகிச்சை பற்றிக் கட்டுரை தரும் நம்பிக்கையில் உண்மை உண்டு. ஆயினும் இதுவரை வெற்றி கண்டது ஓட்டோஃபெர்லின் என்ற மரபணுவில் குறையோடு பிறந்தவர்களிடம்தான். அவர்களிடம் ரோமச் செல்கள் இருந்தன, அவை செய்தி அனுப்பாமல் இருந்தன. எஞ்சின் ஓசையில் செல்லையே இழந்தவருக்கு அது பொருந்தாது. அடுத்து வெளியிடும் அறிவியல் பக்கத்தில் இந்த வேறுபாட்டை ஒரு படத்துடன் விளக்கினால், எங்கள் பகுதிப் பள்ளிகளில் அதை ஒட்டிவைக்க ஏற்பாடு செய்கிறேன். கத்தாழைக் கல்லை மாணவர்களே கொண்டுவந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.