வாசலும் வளவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த சியோலைட் கட்டுரையை என் பேத்திதான் வாசித்துக் காட்டினாள். சியோலைட் என்பது நுண்துளைகள் நிறைந்த ஒரு படிகப் பொருள். கட்டுரை அதைச் சல்லடை என்று சொல்லியிருந்தது. முடித்ததும், "ஐயா, சல்லடைன்னா அது ஏன் கரி பிடிச்சுக் கறுத்துப்போகுது?" என்றாள். கட்டுரை பதில் சொல்லாத கேள்வி. பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையில் எண்ணெயை உடைக்கும் வினையூக்கியான சியோலைட் தூளோடு பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சல்லடையில் மாவு கீழே விழும், கப்பி மேலே நிற்கும். மாவு மாவாகவே இருக்கும். சியோலைட்டில் உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது வேறொன்று. அதற்கு எங்கள் செட்டிநாட்டு வீடுதான் பொருத்தம். பெரிய துளை வகைகளில் தலையானது ஒய் சியோலைட். அதன் வாசல் 12 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த வளையம். அகலம் சுமார் 0.74 நானோமீட்டர். தாண்டினால் 1.2 நானோமீட்டருக்குக் குறையாத கூடம், நம் வளவு மாதிரி. சிலிக்கான் இடத்தில் அங்கங்கே அலுமினியம் உட்கார்ந்திருப்பதால் அங்கே அமிலத்தன்மை உண்டு. எண்ணெய் உடைவதும் கரி படிவதும் அதனால்தான்.

கன எண்ணெயின் மூலக்கூறுகள் பல அந்த வாசலில் நுழையாது. பேரன் கல்யாணச் சாமானில் வந்த தேக்குக் கட்டில் எங்கள் இரண்டாங்கட்டு நிலையில் மாட்டிக்கொண்டது. ஆசாரி முகப்பிலேயே காலையும் சட்டத்தையும் கழற்றிக் கொடுத்த பிறகுதான் உள்ளே போயிற்று. தூளிலும் அப்படி ஓர் ஆசாரி உண்டு. சியோலைட் படிகங்களைச் சுற்றியுள்ள அலுமினா, பெரிய மூலக்கூறை முதலில் உடைத்துக் கொடுக்கும். மிச்சத்தை சியோலைட் பெட்ரோல் அளவுக்கு நறுக்கும்.

புதுத் தூள் கோலமாவு போல இருக்கும். காற்றை ஊதினால் தண்ணீராய் ஓடும். எண்ணெயோடு 500 டிகிரிக்கு மேலான சூட்டில் சில விநாடிகள் இருந்தாலே கறுத்துவிடும். பக்கத்துக் கலனில் 700 டிகிரி வாக்கில் கரியை எரித்துத் திருப்பி அனுப்புவோம். அந்தச் சூடுதான் அடுத்த வினைக்கு அடுப்பு. மேசையில் இரண்டு மாதிரிக் குப்பிகள் இருக்கும், ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. வெளுக்க வேண்டியது வெளுக்கவில்லை என்றால் அன்றைய ஷிஃப்டில் டீ குடிக்கக்கூட நேரமிருக்காது.

அப்புறம், துளை பெரிதானால் வேலை கூடும் என்று கட்டுரை சொன்னதும் சரியில்லை. இசட்எஸ்எம்-5 வகையின் வாசல் 0.55 நானோமீட்டர்தான். பாலியெஸ்டருக்கு வேண்டிய பாரா-சைலீன் ஒல்லி, அதில் நழுவி வந்துவிடும். அதன் உடன்பிறப்புகளான ஆர்த்தோ, மெட்டா சைலீன்கள் உள்ளே திணறும். அந்தக் குறுகிய வாசலுக்காகவே அதை வாங்குகிறார்கள். ஒய் தூளோடு கொஞ்சம் கலந்தால் சமையல் கேஸும் கூடும். சோப்புத்தூளில் இருக்கும் ஏ வகையோ அங்கே வினையூக்கியே இல்லை. தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கட்டுரை மூன்றையும் ஒரே பையில் போட்டுவிட்டது.

பெரிய துளைக்காரர்களில் பீட்டா என்ற சியோலைட் வகையைக் கட்டுரை சொல்லாமல் விட்டதும் குறைதான். பென்சீனையும் புரொப்பிலீனையும் சேர்த்து, பீனால் தயாரிக்க உதவும் கியூமீன் செய்ய முன்பு பாஸ்பாரிக் அமிலமும் அலுமினியம் குளோரைடும் வேண்டியிருந்தன. ஒரே அரிப்பு, ஒரே கழிவு. 1990களில் பீட்டா போன்ற சியோலைட்டுகள் வந்து அந்தத் தொல்லையைக் குறைத்தன.

அடுத்த இணைப்பில் ஏ, இசட்எஸ்எம்-5, ஒய் மூன்றின் வாசல்களையும் ஒரே அளவுகோலில் வரைந்து ஒரு படம் போடுங்கள். பேத்தி கத்தரித்து நோட்டில் ஒட்டக் காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பணியாளர்,
தேவகோட்டை