படைவீரர் குடும்பங்களுக்கு மனநல முகாம் எப்போது?

ஆசிரியருக்கு வணக்கம். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். பருந்து, மண்டபத்தில் கடலோரக் காவல்படை, அது போக பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. கண் முகாம், சர்க்கரை முகாம் எல்லாம் நடக்கிறது, ரொம்ப நல்லது. ஆனால் ஓய்வு பெற்று வந்தவர் ராத்திரி தூக்கமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் 'பட்டாளத்துப் பழக்கம்' என்று விட்டுவிடுகிறோம், எல்லையில் பதற்றம் என்று டிவியில் சொன்னாலே சோறு இறங்காத மனைவியையும் அம்மாவையும் கேட்க ஆளே இல்லை. அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசி சேவையான டெலிமானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். படைவீரர்களுக்கும் குடும்பத்தினருக்கும் 2023 டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதன் தனிப் பிரிவே தொடங்கினார்கள். இது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகிய மாவட்டம் இது. அதற்கு அப்புறம்தான் அங்கே தர்காவில் பிரார்த்தனையோடு மருந்தும் என்று 'தவா-துவா' திட்டம் வந்தது. ஜனங்கள் நம்பிப் போகிற இடத்துக்கே டாக்டர் போனார், அதுதான் சரியான வழி. மாவட்ட மனநலத் திட்டக் குழுவும் முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் சேர்ந்து, பென்ஷன் குறைதீர் கூட்டத்திலேயே ஒரு மேசை போட்டு ஆலோசகரை உட்கார வைக்கட்டும், பெண்கள் தனியாகப் பேச ஒரு அறையும் ஒதுக்கட்டும்.

– முன்னாள் படைவீரரின் மனைவி, உச்சிப்புளி