‘நேச்சுரல்’ உடம்பும் மறைத்த ஊசியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்டீராய்டு, ஹார்மோன் ஊசி போட்டு உடம்பை ஏற்றிக்கொள்வது அவரவர் சொந்த விஷயம் என்று வாதாடலாம். அந்த உடம்பைக் காட்டி, ‘நான் நேச்சுரல், ஊசி கிடையாது; முட்டையும் கோழியும் மட்டும்தான் சாப்பிட்டேன், 12 வாரத்தில் வந்தது’ என்று சொல்லி உணவு அட்டவணை விற்றால், அது வியாபாரம். ஃபிட்னஸ் ரீல்ஸ் போடுகிறவர்களைப் பற்றிய பேச்சில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

‘லிவர் கிங்’ என்ற பெயரில் உலகமே பார்த்த அமெரிக்கர் பிரையன் ஜான்சன் பச்சை ஈரலைக் கடித்துத் தின்பார். ஆதிமனிதன் போல் வாழ்ந்தால் இந்த உடம்பு வரும் என்பார். பக்கத்திலேயே ஈரல் மாத்திரை வியாபாரமும் நடந்தது. ஸ்டீராய்டா என்று கேட்டால் இல்லை என்றார். 2022 நவம்பர் கடைசியில் அவருடைய மின்னஞ்சல்கள் வெளியாயின. வளர்ச்சி ஹார்மோன் உள்ளிட்ட மருந்துகளுக்கு மாதம் 11,000 டாலருக்கு மேல் செலவு! டிசம்பர் 1 அன்று ஒப்புக்கொண்டு வீடியோ போட்டார். அதிலும், மருத்துவர் மேற்பார்வையில் வாரம் 120 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) என்றுதான் சொன்னார். ஹார்மோன் குறைபாடு உள்ள நோயாளிக்கு வாரத்துக்கு 75 முதல் 100 மி.கி. கொடுப்பது வழக்கம். அதை ஒட்டிய எண்ணைச் சொன்னால், கேட்பவர் காதில் ‘சிகிச்சை’ என்றுதான் விழும்.

மருந்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு? 1996ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று இதை அளந்தே காட்டியது. ஆண்களை நான்கு பிரிவாக்கினார்கள். எல்லோருக்கும் புரதம் ஒரே கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம். பத்து வாரம், வாரம் 600 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் போட்டுப் பயிற்சியும் செய்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை 6 கிலோ கூடியது. ஊசி மட்டும் போட்டு எடையைத் தொடாதவர்களுக்கு 3 கிலோவுக்கு மேல். மருந்தில்லாத ஊசியோடு வாரம் மூன்று நாள் முறையாக எடை தூக்கியவர்களுக்குச் சுமார் 2 கிலோ. ஊசியோடு சும்மா இருந்தவர், ஊசியில்லாமல் வியர்வை சிந்தியவரை முந்திவிட்டார்.

காசு கொடுத்து அட்டவணை வாங்கிய கல்லூரிப் பையன் இந்த 2 கிலோக்காரன்தான். வராத தசைக்குத் தன்னையே குறை சொல்லிக்கொள்வான். ஒரு ஸ்கூப் புரோட்டீன் பவுடர் இரண்டாகும். பிறகு ஜிம்மில் யாராவது ‘ஒரு கோர்ஸ் போடு’ என்பார்கள்.

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு ஸ்கூப் வே புரோட்டீனில் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்) இருப்பது ஏறக்குறைய நான்கு முட்டையின் புரதம். ஒழுங்கான பவுடர் ஸ்டீராய்டு அல்ல. மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு முற்றிலும் வேறு வகை. ஜிம் செய்தியைப் படித்துவிட்டு குழந்தையின் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

மறைப்பதற்கு இப்போது புது உத்தி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். ‘பாருங்கள், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவு 600தான், நார்மல்’ என்று திரையில் வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள். அந்த ஒற்றை எண் எதையும் நிரூபிக்காது. குறைந்த அளவில் ஊசி போட்டாலும் அதே எண் வரும். அதே ரிப்போர்ட்டில் எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் எவ்வளவு என்று கேட்க வேண்டும். விரைகளை வேலை செய்யச் சொல்லி மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்கள் இவை. வெளியிலிருந்து மருந்து வந்தால் பிட்யூட்டரி குழாயை மூடிவிடும். இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். டெஸ்டோஸ்டிரோன் நார்மல், எல்ஹெச் கிட்டத்தட்ட இல்லை என்றால் மருந்து வெளியிலிருந்து வருகிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டுமே நார்மல் என்றாலும் ‘எப்போதுமே போட்டதில்லை’ என்று ஆகாது. நிறுத்திப் பல மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டாக இருக்கலாம். ‘இப்போ நேச்சுரல்’ என்பதில் உள்ள ‘இப்போ’வை அதனால்தான் கவனிக்கச் சொல்கிறோம். மருந்தில் சேர்ந்த தசை, மருந்தை நிறுத்திய மறுநாளே கரைந்துவிடாது.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்பவர்களையும் நம்ப வேண்டாம். ஒரு தோராயக் கணக்கு உண்டு. கொழுப்பு நீங்கிய எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. 1.70 மீட்டர் உயரம், 80 கிலோ, 10 சதவீதக் கொழுப்பு என்றால் 72ஐ 2.89ஆல் வகுக்க 24.9 வரும். 25ஐத் தாண்டுவது மருந்தில்லாமல் அபூர்வம். ஆனால் கொழுப்புச் சதவீதத்தையே குறைத்துச் சொல்கிற ஆளிடம் இந்தக் கணக்கு பலிக்காது. சந்தேகம் எழுப்ப உதவும், தீர்ப்புச் சொல்ல உதவாது.

புதுச் சட்டம் வேண்டும் என்று பலர் எழுதுகிறார்கள். இருப்பதே போதும் என்பது எங்கள் எண்ணம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறான விளம்பரம் என்கிறது. முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். விளம்பரத்தில் தோன்றுகிறவருக்கு ஓராண்டு வரை தடையும் விதிக்கலாம். தன் உடம்பையே சான்றாகக் காட்டிப் பயிற்சித் திட்டம் விற்கிறவருக்கு, அந்த உடம்பு எப்படி வந்தது என்பதைவிட முக்கியத் தகவல் எது? காசு கட்டி ஏமாந்தவர்கள் ‘நேச்சுரல்’ என்று சொல்லும் ரீலை ஸ்க்ரீன் ரெக்கார்டிங் செய்து, லிங்க், தேதி, கட்டிய பணத்தின் ரசீது ஆகியவற்றோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்கலாம். ரீல் சீக்கிரம் அழிக்கப்படும், பதிவு செய்வதுதான் முதல் வேலை.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. இணைப்பிதழ்களில் ‘முன்பு – பின்பு’ படம் போடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எப்போதாவது ஹார்மோன் மருந்து எடுத்ததுண்டா? இரண்டு படங்களுக்கும் இடையே எத்தனை மாதம்? இதில் நீங்கள் விற்பது என்ன? பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்று அச்சிடுங்கள்.

ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டிருப்பவர்களும் இதைப் படிக்கலாம். லேபிள் மட்டும் அழகாக இருக்கும் குப்பிகளில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய் சுத்தமில்லாவிட்டால் புட்டத்தில் சீழ்க்கட்டி வரும். ட்ரென்போலோன் என்ற ஸ்டீராய்டு மாடுகளுக்கு உருவான மருந்து. போதும் என்று நிறுத்தினாலும் பிட்யூட்டரி மூடிய குழாய் உடனே திறக்காது. சோர்வு, மனச்சோர்வு வரும். விந்தணு பழைய நிலைக்குத் திரும்ப ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்து, ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), ரத்தக் கொழுப்பு அளவு, எல்ஹெச், எஃப்எஸ்ஹெச், இதய எக்கோ ஆகியவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. ஈரல் பரிசோதனையில் பார்க்கும் ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற நொதிகள் கடும் பயிற்சியாலும் கூடும். ஈரல்தான் காரணமா என்று பிரித்தறிய ஜிஜிடி என்ற இன்னொரு நொதியின் அளவும் வேண்டும். அங்கே போயும் ‘புரோட்டீன் பவுடர் மட்டும்தான் டாக்டர்’ என்று சொல்லாதீர்கள். ரத்தம் ஏன் இவ்வளவு கெட்டியாகிவிட்டது என்று அவர் எலும்பு மஜ்ஜையில் காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
உடற்பயிற்சியாளர்கள் சிலர்,
கோயம்புத்தூர்