‘ஆசியர்’ என்ற கட்டம் போதாது: அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் பார்க்கும் தமிழ் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாக்டர்களுக்கு,

வணக்கம். தென் கொரியத் தலைநகர் சியோலில் பிறந்தவரும் மதுரையில் பிறந்தவரும் உங்கள் கிளினிக் பதிவில் ‘ஆசியர்’ என்ற ஒரே கட்டத்தில்தான் விழுகிறார்கள். இரைப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை இருவருக்கும் இடையே பெரிய தூரம். கொரியா, ஜப்பான், சீனா, மங்கோலியா ஆகிய நாடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அபாயம் பல மடங்கு. இந்தப் புற்றுக்கு முக்கியக் காரணமான எச். பைலோரி என்ற இரைப்பைக் கிருமி இந்தியாவில் ஊரெல்லாம் இருந்தும் புற்று அந்த அளவுக்கு இல்லை. (மிசோரம் விதிவிலக்கு. வட இந்தியாவைவிடச் சென்னையில் கூடுதல்தான், ஆனாலும் கொரியாவின் கிட்டே வராது.) எனவே தமிழர் எல்லோருக்கும் எண்டோஸ்கோப்பி எழுதச் சொல்லவில்லை. எந்த நாட்டில் பிறந்தார், எந்த வயதில் இங்கே வந்தார், பெற்றோர், உடன்பிறந்தாரில் யாருக்காவது இரைப்பையில் புற்று இருந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். ‘அப்பா அல்சரில் போனார்’ என்று சொன்னால் அதோடு விடாமல் துருவிக் கேளுங்கள்; அது புற்றாகவும் இருந்திருக்கலாம்.

கொரியாவில் 40 வயது தாண்டியவருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை அரசே பரிசோதனை செய்கிறது. அதே மனிதர் லாஸ் ஏஞ்சலஸில் குடியேறிவிட்டால் அழைக்க ஆளில்லை. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு இந்தப் புற்றுக்குப் பரிந்துரை எதுவும் தரவில்லை. அதன் ஏ அல்லது பி தரம் இல்லாததால் காப்பீட்டு நிறுவனம் இலவசமாகச் செய்ய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம், அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து வந்த முதல் தலைமுறையினரைப் பரிசோதிக்கலாம் என்று அண்மையில் வழிகாட்டியிருக்கிறது. 45 வயதில் கொலோனோஸ்கோப்பி எப்படியும் உண்டு. அதே நாளில், அதே மயக்கத்தில் மேல் எண்டோஸ்கோப்பியையும் முடித்துவிடலாம். காப்பீட்டு அனுமதியை மட்டும் முன்பே வாங்கிவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் ‘வயிற்று வலி’ என்று மொட்டையாக எழுதினால், ஒரு துண்டு பயாப்சியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறந்த நாட்டையும் குடும்ப வரலாற்றையும் எழுதி, 5 இடங்களில் பயாப்சி கேளுங்கள்: ஆன்ட்ரத்தில் (இரைப்பையின் கீழ்ப்பகுதி) 2, வளைவில் 1, உடற்பகுதியில் 2. உடற்பகுதித் துண்டுகள் தனிக் குப்பியில் போக வேண்டும். கலந்துவிட்டால் புற்றுக்கு முந்தைய மாற்றம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று நோயியல் மருத்துவரால் சொல்ல முடியாது.

எண்டோஸ்கோப்பிக்கு வழியில்லாவிட்டால் கிருமியையாவது தேடுங்கள். மூச்சுச் சோதனை அல்லது மல ஆன்டிஜென் போதும். ரத்த ஆன்டிபாடி வேண்டாம். கிருமி ஒழிந்து ஆண்டுகள் ஆனாலும் பாசிட்டிவ் காட்டும். ஒமிப்ரசோல் வகை ‘கேஸ் மாத்திரை’யை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் (பெப்டோ பிஸ்மால் போன்ற வயிற்று மருந்து) இரண்டையும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் நெகட்டிவ் வரும். கடையில் தானாக வாங்கிப் போடுவதை நோயாளி மருந்தாகவே கணக்கில் சேர்க்க மாட்டார். பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கிருமி இருந்தால் சிகிச்சை 14 நாள், நான்கு மருந்து: அமிலம் குறைக்கும் மாத்திரை 2 வேளை, பிஸ்மத் 4 வேளை, டெட்ராசைக்ளின் 500 மி.கி. 4 வேளை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. 3 அல்லது 4 வேளை. நாளுக்குக் குறைந்தது 13 மாத்திரையாவது ஆகும். பாதியில் விடுவது இங்கேதான். பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறதென்று பயந்து நிறுத்திவிடுவார். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் உடம்பில் சேராது. விலை கூடுதல் என்று மருந்துக்கடை டாக்ஸிசைக்ளினுக்கு மாற்றக் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குணமாகும் வாய்ப்பு குறையும். ஆஸ்பிரின் ஒவ்வாதவருக்கு பிஸ்மத் சப்சாலிசிலேட் ஆகாது.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, கேஸ் மாத்திரையை 2 வாரம் நிறுத்தி, மறு சோதனை. இந்தச் சீட்டை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்; வலி போனபின் யாரும் தேடி வரமாட்டார்கள். வீட்டிலுள்ள மற்ற பெரியவர்களையும் சோதியுங்கள்.

கிருமி ஒழிந்தாலும், ஆன்ட்ரம், உடற்பகுதி இரண்டிலும் குடல் மெட்டாபிளேசியா (இரைப்பையின் உள்படலம் குடல் படலம்போல மாறுவது) இருந்தால், அல்லது மெட்டாபிளேசியாவோடு நெருங்கிய உறவில் இந்தப் புற்றும் இருந்தால், 3 ஆண்டில் மீண்டும் எண்டோஸ்கோப்பி. வேலை மாறினால் காப்பீடும் டாக்டரும் மாறிவிடுவார்கள். பயாப்சி அறிக்கையின் நகலையும் அடுத்த தேதியையும் நோயாளியின் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எண்டோஸ்கோப்பி அறையில் பணிபுரியும் சிலர்