மாத்திரை விமான நிலையத்தோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வெளிநாட்டில் மனநிலை பாதிக்கப்பட்ட வாலிபர் மீட்பு' என்று இராமநாதபுரம் மாவட்டப் பக்கத்தில் அவ்வப்போது செய்தி வருகிறது. தாய் கலெக்டரிடம் மனு கொடுத்ததில் தொடங்கும் செய்தி, மகன் விமான நிலையத்தில் வந்து இறங்கியதோடு முடிந்துவிடும். பல நேரம் அந்த நோய் அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே இங்கே தொடங்கியிருக்கிறது. திரும்பி வந்த பிறகு சிகிச்சை இன்னொரு முறை அறுந்துபோகிறது. இந்த இரண்டு இடங்களைப் பற்றியும் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

தொண்டி, நம்புதாளை, தேவிபட்டினம் தொடங்கி பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை சபுராளி (வெளிநாட்டில் பிழைக்கப் போனவர்) இல்லாத தெரு அரிது. போகிறவரின் உடம்பைச் சோதித்து அனுப்புவதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை ஒரு காலத்தில் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். இன்று வளைகுடா வேலைக்குப் போகிறவருக்குச் செய்யும் மெடிக்கல் சோதனையும் ஏறக்குறைய அதே கண்ணோடுதான் பார்க்கிறது. இவர் நமக்கு நோய் கொண்டுவருவாரா என்பதுதான் அதன் கேள்வி. போகிற இடத்தின் வேலையையும் தனிமையையும் இவர் தாங்குவாரா என்று அது கேட்பதில்லை.

அந்த மெடிக்கலில் மனநோய் இருப்பது தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று எழுதிவிடுவார்கள். அதனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுவருபவர் என்ன செய்கிறார்? மெடிக்கலுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு மாத்திரையை நிறுத்திவிடுகிறார். நிறுத்தியதும் பலருக்கு உடனே ஒன்றும் ஆவதில்லை, ஆபத்தே அதில்தான் இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் நன்றாகத்தான் இருப்பார். வழக்கமான தூக்கக் கலக்கமும் உடல் சோர்வும் நீங்கி இன்னும் சுறுசுறுப்பாகக்கூடத் தெரிவார். 'பாத்தீங்களா, மாத்திரை இல்லாமயே நல்லாத்தான் இருக்கான்' என்று வீட்டிலும் நம்பிவிடுவார்கள். நோய் பெரும்பாலும் சில வாரங்கள் கழித்தோ சில மாதங்கள் கழித்தோதான் திரும்புகிறது. அப்போது அவர் தொழிலாளர் கேம்ப்பில், எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருப்பார்.

இன்னும் சிலர் மாத்திரையை ஒளித்து எடுத்துப்போகிறார்கள். அட்டையைக் கத்தரித்து, பேர் எழுதிய பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தைப் பேப்பரில் சுற்றிக் கருவாட்டுப் பொட்டலத்துக்கும் இட்லிப் பொடிக்கும் நடுவே வைப்பார்கள். பேர் இல்லாத மாத்திரை சுங்கச் சோதனையில் பிடிபட்டால் அது மருந்து என்று நிரூபிக்க வழி இல்லை. அல்பிரசோலாம், குளோனசெபாம், டயசிபாம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் வளைகுடா நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ளவை. ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இவற்றைக் கொண்டுபோக அந்த நாட்டு அரசிடம் இணையம் வழியாக முன் அனுமதி வாங்க வேண்டும். கை நடுக்கத்துக்குக் கூடவே கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடிலையும் சாதாரண மாத்திரை என்று நினைத்துவிடக் கூடாது. முறையான வழி ஒன்றுதான்: தேவையான இடத்தில் முன் அனுமதி, கடைசிச் சீட்டு, பொதுப்பெயரும் அளவும் எழுதி மருத்துவர் கையெழுத்திட்ட ஆங்கிலக் கடிதம், பிரிக்காத அட்டை, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டில் பெயர். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், பொதுப்பெயர் மாறாது.

நோய் இருப்பவர் வெளிநாடே போகக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சீராக மாத்திரை சாப்பிட்டு ஆண்டுக்கணக்கில் வேலை பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் எந்த வேலை என்பதைப் பார்க்க வேண்டும். இருமுனைக் கோளாறுக்கு, அதாவது அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு, லித்தியம் சாப்பிடுபவர் 45 டிகிரி வெயிலில் கட்டட வேலைக்குப் போனால், வியர்வையில் நீரும் உப்பும் இறங்கி ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் போட்டாலும் ஏறும். கை கடுமையாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, நாக்குக் குழறல், நடை தள்ளாட்டம் இவையெல்லாம் அதன் அறிகுறிகள். அறையில் இருப்பவர்கள் 'வெயில் அடிச்சிருச்சு' என்று படுக்கவைத்துவிடுவார்கள். உண்மையில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை அது. நோன்பு வைப்பவரானால் ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் வேளையையும் அளவையும் பேசிக்கொள்ள வேண்டும். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இரவு ஷிஃப்டும் ஒத்துவராது. நாலு நாள் தூக்கம் கெட்டாலே நோய் கிளம்ப அது போதும்.

அடுத்து, குடி. இதை வெளிப்படையாக எழுத எல்லோரும் தயங்குகிறார்கள். 'சவுதியிலயும் குவைத்துலயும் சரக்கு கிடைக்காது, அங்க அனுப்பிட்டா திருந்திருவான்' என்று தினமும் குடிப்பவரை அவசரமாக விமானம் ஏற்றும் வீடுகள் உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பில் மது திடீரென நின்றால், சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு இடம் காலம் தெரியாத குழப்பம் வரும், சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றும், யாரோ கொல்ல வருவதாக அலறுவார்கள். போன மூன்றாம் நாளே 'பையனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு' என்று போன் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகக்கூடிய நிலை இது. உரிய நேரத்தில் கவனித்தால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். எனவே பயணத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பாக இங்கேயே, மருத்துவர் கண்காணிப்பில், தயமின் (வைட்டமின் பி1) ஊசியோடு குடியை நிறுத்த வேண்டும். விசா வந்த பிறகு யோசித்தால் நாள் போதாது.

கடனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் ரசீது இல்லாமல் ஒன்றரை லட்சம் கொடுத்து, அதை மூன்று வட்டிக்கு வாங்கியிருந்தால், மாதம் 4,500 ரூபாய் வட்டி மட்டுமே. முதல் சம்பளம் இரண்டு மாதம் தள்ளிப்போனால், மனம் கலங்கிய மனிதர் 'திரும்பி வந்துடுறேன்' என்று வாய் திறக்க முடியாது. ஜுபைல், கத்தீஃப், பஹ்ரைன் பக்கம் மீன்பிடி வேலைக்குப் போகும் நம் மீனவர்கள் பலருக்குச் சம்பளமே கிடையாது, பங்குதான். மனச்சோர்வில் படகு ஏறாமல் படுத்துவிட்டால் பங்கு இல்லை. பணம் வராததைப் பார்த்து, 'அங்க போய் ஊதாரித்தனம் பண்றான்' என்று இங்கே பேச்சு கிளம்பும். நோய் என்று யாருக்கும் தோன்றாது.

வீட்டார் எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளிக்கிழமை போனில் 'நல்லா இருக்கியா?' என்று கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில் 'நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே, எப்ப முழிப்பு வந்துச்சு?', 'நேத்து என்ன சமைச்சீங்க, யாரு சமைச்சா?', 'பக்கத்துக் கட்டில்காரரு எந்த ஊரு?' என்று கேளுங்கள். புது இடத்து ஏக்கத்தில் முதல் சில வாரம் அழுகை வருவது இயல்பு. ஆள் பழகப் பழக அது குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் பேசினால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும். 'ரூம்ல இருக்கவங்க சோத்துல என்னமோ கலக்குறாங்க', 'என் போனை யாரோ ஒட்டுக் கேக்குறாங்க' என்ற பேச்சும், நடுராத்திரியில் அடுத்தடுத்து வரும் நீண்ட குரல் பதிவுகளும் வேறு வகை. அப்போது தாமதம் கூடாது. வாக்குவாதம் செய்து 'அப்படியெல்லாம் இல்லை' என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள். அறையில் உள்ள ஒருவருடைய எண்ணாவது முதல் மாதமே வீட்டில் எழுதிவைத்திருந்தால் அன்றைக்கு அது கைகொடுக்கும். 'செத்துரலாம் போல இருக்கு' என்று சொன்னால் 'நிஜமாவே அப்படி நினைக்கிறியா?' என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது. உடனே அறை நண்பரை அழைத்து, அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சில வளைகுடா நாடுகளில் தற்கொலை முயற்சி இன்னும் குற்றம். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைப்பவர்களும் உண்டு.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றி, எந்நேரமும் பேசலாம். ஆனால் இத்தகைய குறு எண்கள் வெளிநாட்டு சிம்மிலிருந்து சேர்வதில்லை. யாருக்கு மிகவும் வேண்டுமோ அவருக்கு எட்டாத எண்ணாக அது இருக்கிறது. இப்போதைக்கு ஒரு வழி உண்டு. வீட்டில் ஒரு போனில் 14416ஐ அழைத்து ஸ்பீக்கரில் வைத்து, இன்னொரு போனில் அவரை அழைத்து அதையும் ஸ்பீக்கரில் வைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டார் வெளியே போய்விட வேண்டும். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காது, போட்டிம் போன்ற செயலியோ சாதாரண அழைப்போதான். அயலகத் தமிழர் நலத்துறை தன் உதவி மையத்தில், வெளிநாட்டிலிருந்து நேராக அழைக்கக்கூடிய முழு எண்ணில், ஒரு மனநல ஆலோசகரை அமர்த்தினால் இந்த இரண்டு போன் வித்தை தேவைப்படாது.

நிலைமை முற்றி ஊருக்கு அழைக்க வேண்டி வந்தால் மனுவில் கண்ணீர் மட்டும் போதாது. பாஸ்போர்ட் நகல், இகாமா (அங்கே தங்கும் உரிமம்) எண், கஃபீலின் (விசாவுக்குப் பொறுப்பேற்ற முதலாளியின்) பெயரும் போன் எண்ணும், அறை இருக்கும் இடத்தின் லொகேஷன், முன்பு சிகிச்சை பெற்றிருந்தால் ஒரு பக்க ஆங்கிலச் சுருக்கம், இவை மனுவோடு இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களின் குறைகளுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் 'மதத்' இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பெரும்பாலும் எங்கே முட்டும் தெரியுமா? நோயில் வேலையிடத்தை விட்டு எங்கோ நடந்து போனவரை முதலாளி 'ஓடிப்போனார்' என்று புகார் (ஹுரூப்) போட்டிருப்பார். அதை நீக்காமல் நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி (எக்சிட்) கிடைக்காது. ஆஸ்பத்திரிச் சான்று இருந்தால் தூதரகம் பேசுவதற்குப் பிடி கிடைக்கும். விமான நிறுவனமும் மருத்துவத் தகுதிப் படிவமும் துணைக்கு ஓர் ஆளும் கேட்கும். படபடப்போடு இருப்பவரைச் சும்மா கொண்டுபோய்க் கவுன்ட்டரில் நிறுத்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சுருக்கத்தை ஆங்கிலத்தில் கேட்டு வாங்க வேண்டும், குறைந்தது பத்து நாள் மாத்திரையும் கையில் இருக்க வேண்டும்.

வந்து இறங்கிய பிறகு நடப்பதுதான் எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. விமான நிலையத்திலிருந்து வண்டி நேராகத் தர்காவுக்குப் போகிறது. அந்தப் பத்து நாள் மாத்திரை பெட்டியிலேயே கிடக்கிறது. தர்காவில் மன ஆறுதல் தேடுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. எல்லா மதத்தாரும் ஏர்வாடியில் வந்து தங்குகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகினார்கள். அதை மறக்க முடியாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. இப்போது ஏர்வாடியிலேயே 'தவா–துஆ' (மருந்தும் பிரார்த்தனையும்) என்ற பெயரில் அரசு மனநல மருத்துவர் பார்த்து மாத்திரை தருகிறார். துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்ற ஏற்பாடு. யாரையும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாததால்தான் மக்கள் அங்கே வருகிறார்கள். வெளிநாட்டு டிஸ்சார்ஜ் சீட்டோடு அங்கேயோ, இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ முதல் வாரத்திலேயே போய்விட்டால் சிகிச்சை அறுபடாது.

இங்கே இருக்கும் மனைவிமாரைப் பற்றிக் கொஞ்சமாவது சொல்ல வேண்டும். அரிசி டின்மேல் போனைச் சாய்த்துவைத்து, வீடியோவில் கணவரைப் பார்த்தபடியே மீன் கழுவுவார்கள். பேச்சு இருக்காது, லைன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அவர்கள் மருத்துவமனைக்கு 'மனசு சரியில்லை' என்று வருவதில்லை. தலைப்பாரம், மேல்வலி, நெஞ்சுப் படபடப்பு என்று வருகிறார்கள். ரத்தம், ஈசிஜி எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்று சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுகிறோம். தூக்கத்தையும் அழுகையையும் பற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டாலே பாதி விஷயம் வெளியே வரும். பெண் செவிலியர் கேட்டால் இன்னும் நல்லது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவரது ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று அதே 2017 சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. மீட்டு வரப்பட்டவர் குணமாகி அடுத்த வருடம் மறுபடி வேலை தேடும்போதும், தங்கைக்கு வரன் பார்க்கும்போதும், அந்தப் படம் முதலாளி கையிலும் சம்பந்தி வீட்டார் கையிலும் இருக்கிறது. அடுத்த முறை அப்படியொரு செய்தி வரும்போது முகத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் 14416 என்ற எண்ணைப் போடுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்களில் மனநலப் பணி செய்வோர் சிலர்,
இராமநாதபுரம்.