பேத்தியின் வலக்கை குறித்து

பாளையங்கோட்டை

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. ஐந்து மாதம் ஆகியும் பேத்தி வலக்கையைத் தூக்குவதில்லை, கிலுகிலுப்பையை இடக்கையால் மட்டுமே பற்றுகிறாள் என்று நீ எழுதியிருந்த வரியைத் தாண்டிப் படிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பிரசவத்தில் தலை வெளிவந்த பின் தோள் சிக்கிக்கொள்ளும்போது அளவுக்கு மீறி இழுத்தால், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை நைந்துபோவதுண்டு. உன் மகனிடம் மருத்துவர் சொன்ன 'எர்ப்ஸ் பால்சி' அதுதான். கவனமாகப் பார்க்கப்பட்ட பிரசவத்திலும் இது நேரக்கூடும் என்பதால், கை அசையவில்லை என்பது மட்டுமே வழக்காகிவிடாது. மருமகளுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததையும் குழந்தையின் எடை கூடுதலாக இருந்ததையும் அறிந்த பிறகு, தகுதியுள்ள மருத்துவர் எவரும் எடுத்திருக்கக்கூடிய முன்னெச்சரிக்கையை அங்கே எடுத்தார்களா என்பதைத்தான் வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் கேட்கும்.

அதற்கு விடை சொல்லப்போவது மருத்துவமனையின் காகிதங்களே. உன் மகன் ஆத்திரத்தோடு அங்கே போவதாக இருந்தால் தயவுசெய்து தடுத்துவிடு. 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தந்தாக வேண்டும். உள்நோயாளிகளின் பதிவேடுகளை 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். ஆகவே மருமகளின் கையெழுத்தோடு ஒரு விண்ணப்பத்தை ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். கேஸ் ஷீட், வலியின் போக்கை மணிவாரியாகக் குறிக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிந்த சிடிஜி தாள், சம்மதப் படிவம், குழந்தை மருத்துவரின் முதல் குறிப்பு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். முப்பது ஆண்டுகள் நீதிமன்றக் கட்டுகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: நியாயம் இருந்தும் ஒரே ஒரு தாள் இல்லாமல் தோற்ற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தாள்கள் கைக்கு வந்ததும், அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டி எழுத்துப்பூர்வமாகக் கருத்து வாங்க வேண்டும்.

வழக்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தொடுப்பதே உங்களுக்கு ஏற்றது என்பது என் எண்ணம். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரசவம் வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமும் இல்லை. ஆனால் காலவரம்பு 2 ஆண்டுகள்தான். குழந்தைக்காக மட்டுமன்றி, பெற்றோர் தங்கள் மன உளைச்சலுக்காகவும் இழப்பீடு கேட்கலாம் என்பது 1998-இல் உறுதியானது. வழக்கறிஞர் செலவை எண்ணிக் கலங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாமா என்று உன் மகன் கேட்டிருக்கிறான். மிக மோசமான கவனக்குறைவு இருந்தால்தான் மருத்துவர் மீது குற்ற வழக்கு நிற்கும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அந்த வழியில் குழந்தையின் சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் வராது. மருத்துவக் கவுன்சில் மருத்துவரின் பதிவை நிறுத்திவைக்கலாம், ஆனால் இழப்பீடு தராது.

மருத்துவமனை நிர்வாகத்தார் ஒரு லட்சம் தருவதாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதித் தரக் கேட்பதாகவும் நீ குறிப்பிட்டிருந்தாய். கையெழுத்துப் போட வேண்டாம். 1996-இல் சென்னையில் 29-ஆம் வாரத்தில் 1250 கிராம் எடையோடு பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போயிற்று. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றமோ 2015-இல், வருங்கால விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, இனி ஆகும் மருத்துவச் செலவுக்கு மட்டும் 1.38 கோடியும், அதுவரை ஆன செலவுக்கு ஏறத்தாழ 43 லட்சமும் வழங்கியது. அதற்குள் அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதற்குமான கணக்கை இன்றைய ஒரு லட்சத்தில் முடித்துக்கொள்வது எப்படிச் சரியாகும்?

வழக்குக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு அறுவை சிகிச்சை தேவைப்படுமானால் முதல் ஆண்டுக்குள் செய்வதே நல்ல பலன் தரும் என்பதால், இந்த வாரமே ஒரு நரம்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். பிசியோதெரபியை ஒரு நாளும் விடாதீர்கள். ஒவ்வொரு ரசீதையும் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் கோவில்பட்டிக்கு வருகிறேன். விண்ணப்பத்தை மருமகளோடு அமர்ந்து எழுதிவிடலாம். அவள் சொல்லச் சொல்ல, அந்த இரவு நடந்ததை மணி தவறாமல் குறித்துக்கொள்ளவும் வேண்டும்.

என்றும் அன்புடன்,
ராமலிங்கம்